பந்தய ஹார்னஸ்: எதை வாங்குவது, எங்கே கட்டுவது

சில ஆண்டுகளுக்கு முன், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வாகனச் சோதனைக்காக வரிசையில் நின்ற ஒரு ஹேட்ச்பேக்கின் உள்ளே எட்டிப் பார்த்தேன். பக்கெட் சீட் புதியது. ஓட்டுநரின் தோளையும் இடுப்பையும் தொடையையும் இருக்கையோடு சேர்த்துக் கட்டும் பந்தயப் பட்டைத் தொகுதியான ஹார்னஸ், ஆறு இடங்களில் கட்டும் ஆறு முனை வகை, அதைவிடப் புதியது. பிளாஸ்டிக் உறையின் வாடைகூட இன்னும் போகவில்லை. ஆனால் தோள் பட்டைகள் இரண்டும் இருக்கையின் முதுகைத் தாண்டியதும் கிணற்றுக் கயிறுபோல் நேராகக் கீழே இறங்கி, பின்னிருக்கைப் பயணிகளின் பெல்ட்டுக்காகத் தரையில் வைக்கப்பட்டிருந்த போல்ட்டில் போய் முடிந்திருந்தன. காரின் உரிமையாளருக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. போல்ட் தொழிற்சாலையிலேயே வைத்தது, பட்டை அங்கீகாரம் பெற்றது, வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

அவர் கேள்விக்கான விடைதான் இந்தக் கட்டுரை. தடத்தில் ஓட்டுவதற்காக ஒரு சாதாரணக் காரைத் தயார் செய்பவர், ஹார்னஸைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி ஓட்டுநர் அதை இறுக்கிக்கொள்வது வரை கவனிக்க வேண்டியவற்றை இதில் எழுதுகிறேன். பட்டையின் பெயர்ப்பலகைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பட்டை போய் முடியும் இடத்துக்குப் பெரும்பாலானோர் கொடுப்பதில்லை என்பது என் அனுபவம். ஆகவே கட்டுரையின் பெரும்பகுதி அந்த இடத்தைப் பற்றியே இருக்கும்.

வாங்குவதற்கு முன்

ஹார்னஸ் தனித்து நிற்கும் பொருள் அன்று. கார் கவிழ்ந்தாலும் கூரையைத் தாங்கும் எஃகுக் குழாய்க் கூண்டான ரோல் கேஜ், முதுகு சாயாத பக்கெட் சீட், ஹெல்மெட்டோடு இணையும் கழுத்துப் பாதுகாப்புக் கருவி ஆகிய மூன்றும் காரில் இருக்கும்போதுதான் அது பாதுகாப்புக் கருவியாகிறது. இவை இல்லாமல் ஹார்னஸை மட்டும் மாட்டுவது, சில வகை விபத்துகளில், காரோடு வந்த பெல்ட்டையே போட்டுக்கொண்டு ஓட்டுவதைவிட ஆபத்தானது.

இதற்குக் காரணம் உண்டு. 1959இல் வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்துக் கொடுத்த மூன்று முனை பெல்ட்டும், பிற்காலத்தில் அதனோடு சேர்ந்த முன்னிறுக்கி (மோதிய கணத்தில் பெல்ட்டை இறுக்குவது), விசை மட்டுப்படுத்தி (பிறகு அதை அளவாக நெகிழவிடுவது), ஏர்பேக் ஆகியவையும் ஒரே கணக்கில் வேலை செய்கின்றன. உடல் சற்று முன்னே வரும், பெல்ட் அளவாக நெகிழும், ஏர்பேக் தலையை ஏந்திக்கொள்ளும். ஹார்னஸோ உடலை இருக்கையோடு சேர்த்து அசையவிடாமல் கட்டிவிடுகிறது. கார் கவிழ்ந்து கூரை நசுங்கும்போது மூன்று முனை பெல்ட் போட்டவரின் உடல் பக்கவாட்டில் சாய வழியுண்டு. ஹார்னஸ் போட்டவர் நிமிர்ந்தபடியே இருப்பார், கூரை அவர் தலையை நோக்கி வரும். கூரையைத் தாங்க ரோல் கேஜ் இருந்தால் மட்டுமே இந்த நிமிர்ந்த நிலை பாதுகாப்பானது. கதவுத் தூண்களுக்கு இடையே போல்ட் போட்டு மாட்டும் ஹார்னஸ் கம்பியைச் சிலர் கேஜுக்கு மாற்றாகக் கருதுகிறார்கள். பட்டை கட்ட அது ஓர் இடம் தரும். கூரையைத் தாங்கும் வேலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

பொதுச் சாலைக்கு ஒரு வார்த்தை. காரோடு வந்த பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஹார்னஸோடு ஊருக்குள் ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி சீட் பெல்ட் அணியாததற்கு 1,000 ரூபாய் அபராதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவரால் குனிந்து எட்டிக் குறுக்குச் சந்தைப் பார்க்க முடியாது. தடத்துக்கும் சாலைக்கும் ஒரே காரைப் பயன்படுத்துபவர், பழைய பெல்ட்டை அதன் இடத்திலேயே விட்டுவைத்து, தடத்துக்குள் நுழைந்த பிறகு ஹார்னஸுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

எத்தனை முனை, என்ன முத்திரை

நான்கு முனை ஹார்னஸில் இரண்டு தோள் பட்டைகளும் இரண்டு இடுப்புப் பட்டைகளும் மட்டுமே உண்டு. தோள் பட்டைகளை இறுக்கினால், பட்டைகள் எல்லாம் வந்து பூட்டிக்கொள்ளும் பக்கிள் மேலே ஏறுகிறது, அதோடு இடுப்புப் பட்டையும் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறுகிறது. மோதலின்போது உடல் இடுப்புப் பட்டைக்கு அடியில் நழுவிப் போகும். அப்போது முழு விசையும் வயிற்றின் மென்மையான உறுப்புகள் மீது விழும். விலை குறைவு, மாட்டுவதும் எளிது என்பதற்காக இதை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரு தோள் பட்டையில் மட்டும் விசையின்கீழ் பிரியும் தையலை வைத்து இந்த நழுவலைத் தடுக்கும் நான்கு முனை வகை ஒன்றை ஜெர்மனியின் ஷ்ராத் நிறுவனம் செய்கிறது. அதுவும் தொழிற்சாலை இருக்கையோடு குறிப்பிட்ட சில கார்களுக்காக வடிவமைக்கப்பட்டதே தவிர, எந்த நான்கு முனை ஹார்னஸுக்கும் பொருந்தும் விதிவிலக்கு அன்று.

ஐந்து முனையில் தொடைகளுக்கு நடுவே ஒரு பட்டை வருகிறது. அது பக்கிளைக் கீழே பிடித்து வைக்கும். ஆனால் மோதலில் அந்த ஒற்றைப் பட்டை எங்கே அழுத்தும் என்பதை ஆண் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு முனையில் இரண்டு தொடையிடைப் பட்டைகள் கவட்டின் இருபுறமும் சென்று, இடுப்பெலும்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. கூரையுள்ள பந்தயக் காருக்கு ஆறு முனையே சரியான தேர்வு.

அடுத்தது முத்திரை. சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் 8853-2016 தரநிலையைப் பெற்ற ஹார்னஸையே இன்று புதிதாக வாங்க வேண்டும். பட்டையில் தைக்கப்பட்டிருக்கும் லேபிளில் எந்த ஆண்டு முடியும் வரை அது செல்லும் என்று அச்சிடப்பட்டிருக்கும். தயாரிப்புக்குப் பின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கணக்கு. அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ அமைப்பின் 16.1, 16.5 தரநிலைகளில் இந்தக் காலம் தயாரிப்பு நாளிலிருந்து இரண்டே ஆண்டுகள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய பட்டை மலிவாகக் கிடைக்கிறது என்றால், முதலில் லேபிளில் உள்ள ஆண்டைப் பார்க்க வேண்டும். லேபிள் வெட்டப்பட்டிருந்தால் அந்தப் பட்டைக்குப் பிறந்த தேதி கிடையாது, விட்டுவிட வேண்டியதுதான்.

போலிகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஜப்பானிய நிறுவனமான தகாட்டாவின் பச்சை நிறப் பட்டைகள் புகழ்பெற்றதால் அதே பச்சையில், அதே எழுத்தில், இணையச் சந்தையில் போலிகள் குவிந்தன. அசலின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைப்பது அசலாக இருக்க வாய்ப்பில்லை. லேபிளில் உள்ள அங்கீகார எண்ணை எஃப்ஐஏ வெளியிடும் பட்டியலோடு ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை.

பட்டையின் இழை பாலியெஸ்டராக இருப்பது நல்லது. நைலான் அதைவிட அதிகம் நீளும். அகலத்தில் மூன்று அங்குலமும் இரண்டு அங்குலமும் உண்டு. தோளில் அமர்ந்து ஹெல்மெட்டோடு இணையும் கழுத்துப் பாதுகாப்புக் கருவியான ஹான்ஸ் அணிபவருக்குத் தோளில் இரண்டு அங்குலப் பட்டை அதன் பள்ளத்தில் நன்றாகப் பொருந்தி உட்காரும். ஆழமான பக்கெட் சீட்டில் இடுப்புப் பட்டையை வெளிநோக்கி இழுக்கக் கை விரியாது என்பதால், மேல்நோக்கி இழுத்து இறுக்கும் அட்ஜஸ்டர் உள்ளதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் பார்க்காமல் வாங்கி, ஓராண்டு முழுக்க வேறொருவர் கையால் இறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

தோள் பட்டை: கோணமே எல்லாம்

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு சுவரில் மோதி, 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநரின் உடல் மீது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் சுமார் 24 மடங்கு விசை வரும். அவர் எடை 70 கிலோ என்றால், பட்டைகள் சேர்ந்து தாங்க வேண்டியது ஏறக்குறைய 1,650 கிலோ. இது சராசரிதான், உச்சம் இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இவ்வளவு இழுவிசையோடு இருக்கும் தோள் பட்டை, தோளைத் தாண்டியதும் கீழ்நோக்கி இறங்கினால், அந்த இழுவிசையின் ஒரு பங்கு தோளை நேராகக் கீழே அமுக்கும். அமுக்கப்படுவது முதுகெலும்பு. பட்டை கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரி இறங்கினால், பின்பக்கப் பட்டையின் இழுவிசையில் சுமார் 17 சதவீதம் கீழ்நோக்கி அமுக்கும். 45 டிகிரி இறங்கினால் அது 71 சதவீதமாகிறது. எஃப்ஐஏ விதி 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது, 10 டிகிரியைப் பரிந்துரைக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் நான் பார்த்த அந்த ஹேட்ச்பேக்கில் பட்டை இறங்கிய கோணம் 60ஐயும் தாண்டியிருந்தது. இன்னொரு கேடும் அதில் இருந்தது: இருக்கையின் முதுகிலிருந்து தரை வரை ஒரு மீட்டருக்கு மேல் பட்டை ஓடியது. விசையின்கீழ் பட்டை ஐந்து சதவீதம் நீள்கிறது என்று கொண்டால், 30 செ.மீ. பட்டை ஒன்றரைச் செ.மீ. நீளும், 120 செ.மீ. பட்டை ஆறு செ.மீ. நீளும். ஸ்டீயரிங்கை நோக்கி நெஞ்சு கூடுதலாகப் போகும் தூரம் அதுதான்.

ஆகவே தோள் பட்டையைக் கட்டச் சிறந்த இடம், இருக்கைக்குப் பின்னால் ரோல் கேஜில் பற்றவைக்கப்பட்ட குறுக்குக் குழாய். இந்தக் குழாய் தையலில்லாத, குளிர்முறையில் இழுத்த கார்பன் எஃகாக, 38 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 40 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கொண்டதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாயும், தையல் விட்ட ஜன்னல் கிரில் குழாயும் இந்த வேலைக்கு ஆகா. வெல்டிங் செய்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் குழாய் எதுவென்று நாம்தான் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

குழாயைப் பற்றவைப்பதற்கு முன்பே அதன் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. காரை மட்டமான தரையில் நிறுத்தி, இருக்கையை அதன் இறுதி இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி, ஓட்டுநர் பந்தய உடையோடும் ஹெல்மெட்டோடும் அதில் உட்கார வேண்டும். அவர் தோளின் உயரத்தையும், இருக்கை முதுகில் பட்டை நுழையும் துளையின் கீழ் விளிம்பையும் ஒப்பிட வேண்டும். துளை தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கலாம், தோளுக்குக் கீழே இருக்கக் கூடாது. கீழே இருந்தால், பின்னால் குழாய் எவ்வளவு சரியான உயரத்தில் இருந்தாலும் பட்டை முதலில் துளைக்கு இறங்கி, முதுகெலும்பை அமுக்கத் தொடங்கிவிடும். அத்தகைய இருக்கை அந்த ஓட்டுநருக்குச் சிறியது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அடுத்து, துளையின் விளிம்பில் ஒரு நூலைக் கட்டிப் பின்னால் இழுத்துப் பிடித்து, தூக்குக்குண்டாலும் அளவு நாடாவாலும் இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும்: விளிம்பிலிருந்து குழாய் வரையிலான கிடைத் தூரம் ஒன்று, விளிம்பிலிருந்து குழாய் தாழ்ந்திருக்கும் உயரம் மற்றொன்று. ஒவ்வொரு 10 செ.மீ. கிடைத் தூரத்துக்கும் ஒன்றே முக்கால் செ.மீ. தாழ்வு என்றால் கோணம் 10 டிகிரி, மூன்றரைச் செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல் என்றால் 20 டிகிரி. தூரமும் தாழ்வும் சமம் என்றால் 45 டிகிரி. குழாய் 30 செ.மீ. பின்னால் வருகிறது என்றால், அது விளிம்பைவிட ஐந்து செ.மீ.க்குச் சற்று மேல் தாழ்ந்திருந்தால் போதும். விளிம்பைவிட உயரமாகக் குழாய் இருக்கக் கூடாது.

பக்கவாட்டுக் கோணத்துக்கும் எல்லை உண்டு. இருக்கையின் நடுக்கோட்டிலிருந்து பார்க்கும்போது பட்டைகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ 20 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. வெளிநோக்கி விரிந்த பட்டை தோளிலிருந்து நழுவப் பார்க்கும். பின்னால் சற்று நெருங்கி வருவதே நல்லது. ஹான்ஸ் அணிபவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் பட்டைகள் உள்நோக்கி இழுத்தால்தான் கருவி தோளில் நிலைத்து நிற்கும்.

குழாயில் பட்டையைச் சுற்றும் முறை

குழாயில் துளை போட்டு போல்ட் மாட்டுவது தவறு. போல்ட்தான் வேண்டுமென்றால், குழாய்க்குள் திருகுள்ள இரும்புக் குப்பி வைத்துப் பற்றவைத்திருக்க வேண்டும். சுற்றிக் கட்டுவது எளிது, அதில் பலவீனமும் இல்லை. ஆனால் சுற்றுவதில் ஒழுங்கு வேண்டும்.

ஹார்னஸோடு மூன்று குறுக்குக் கம்பிகளும் இரண்டு பிளவுகளும் கொண்ட ஒரு ஸ்லைடர் வரும். பட்டை அதன் வழியாகச் சென்று, குழாயைச் சுற்றி வந்து, மீண்டும் அதே ஸ்லைடருக்குள் நுழைந்து, நடுக்கம்பி மேல் ஏறி மறுபக்கம் இறங்கிய பிறகு, தளர்முனை இன்னொரு முறை திரும்பி உள்ளே நுழைய வேண்டும். அந்தக் கடைசித் திருப்பமே பூட்டு. அதை விட்டுவிட்டால் கையால் இழுக்கும்போது பட்டை உறுதியாகத்தான் தெரியும், மோதலில் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தச் சுற்று சற்று மாறுபடுவதால், பெட்டிக்குள் இருக்கும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும். ஸ்லைடர் குழாயை ஒட்டி இருக்க வேண்டும். தொலைவில் இருந்தால் வளையம் தளர்ந்து ஆடும். பூட்டிய பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளர்முனை சுமார் 10 செ.மீ. இருக்க வேண்டும்.

இந்தப் பத்துச் செ.மீ. விஷயத்தில் நானே பாடம் படித்தவன். என் முதல் காரில் பட்டை சற்றுக் குட்டையாக இருந்ததால், நான்கு செ.மீ. மட்டும் மிச்சம் விட்டுச் சுற்றினேன். செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வேயில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒருபக்கம் இரண்டு செ.மீ.தான் மிச்சம் இருந்தது. அன்று மீதி நாளைக் காரோடு நிழலில் கழித்தேன். இப்போதெல்லாம் தளர்முனை ஸ்லைடரை விட்டு வெளிவரும் இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். கோடு நகர்ந்திருந்தால் பட்டை நழுவியிருக்கிறது என்று பொருள்.

இரண்டு பட்டைகளும் குழாயில் பக்கவாட்டில் ஓடாதபடி தடுப்பு வளையம் வைப்பதும், பட்டை உரசும் இடங்களில் வெல்டிங் துளிகளை அரத்தால் ராவி வழவழப்பாக்குவதும் சிறிய வேலைகள். விரல் நுனியைக் குழாயின் மேல் ஓட்டிப் பார்த்தால் போதும். விரலைக் கீறுவது பட்டையையும் கீறும்.

இடுப்பும் தொடையும்

மோதலில் பெரும் பாரத்தைத் தாங்குவது இடுப்புப் பட்டை. இடுப்பெலும்பின் மேட்டுக்கும் தொடைக்கும் நடுவில் உள்ள மடிப்பில் அது அமர வேண்டும், வயிற்றின் மேல் அன்று. நிமிர்ந்து உட்காரும் காரில், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பட்டை கிடைமட்டத்துக்கு 45 முதல் 65 டிகிரி கோணத்தில் பின்னோக்கி இறங்க வேண்டும். கட்டும் இடம் மிகவும் பின்னால் போய்விட்டால் பட்டை வயிற்றுக்கு ஏறும். மிகவும் முன்னால் வந்தால் உடல் முன்னே போன பிறகுதான் பிடிக்கும். தொழிற்சாலை பெல்ட்டின் கீழ் போல்ட் இருக்கும் இடம் பெரும்பாலும் பொருந்தும் என்றாலும், பக்கெட் சீட் தாழ்வாக உட்காரும்போது கோணம் மாறிவிடும் என்பதால் அளந்தே முடிவு செய்ய வேண்டும். பக்கெட் சீட்டின் பக்கத் துளைகளில் பட்டை விளிம்பில் உரசாமல் நேராகச் செல்ல வேண்டும். அட்ஜஸ்டர் துளைக்குள் சிக்கவும் கூடாது.

இங்கே ஒரு விபத்தை நினைவுகூர வேண்டும். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அவருடைய இடது இடுப்புப் பட்டை அறுந்திருந்தது. அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை, பட்டை அட்ஜஸ்டரின் ஒரு மூலைக்கு ஒதுங்கிக் குவிந்து, பாரம் முழுவதும் ஓரத்தில் விழுந்ததால் அறுந்தது என்று விளக்கியது. இதைத் தவிர்க்க, பட்டையின் முனையில் உள்ள உலோகத் தகடு, இழுக்கப்படும் திசையை நோக்கித் தானே திரும்பும்படி போல்ட்டில் சுழல வேண்டும். அதை அசையாமல் முறுக்கி வைத்தால் பட்டை கோணலாக இழுபடும். மாட்டி முடித்ததும் பட்டையை இழுத்துப் பிடித்து, அட்ஜஸ்டரின் முழு அகலத்திலும் அது மட்டமாகப் படிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

தொடையிடைப் பட்டைகள் இருக்கையின் அடித்துளை வழியே இறங்கித் தரைக்குப் போகின்றன. ஆறு முனையில் இவை நெஞ்சின் கோட்டிலிருந்து சுமார் 20 டிகிரி பின்னோக்கிச் செல்ல வேண்டும். முன்னோக்கிச் சென்றால் நழுவலைத் தடுக்கும் வேலையை அவை செய்யா.

எந்தப் பட்டையையும் இருக்கையிலோ இருக்கையைத் தாங்கும் சட்டத்திலோ கட்டக் கூடாது. இருக்கை பிய்த்துக்கொண்டு வந்தால் பட்டையும் ஓட்டுநரும் சேர்ந்தே வருவார்கள்.

தரையில் புதிய துளை போட வேண்டியிருந்தால்

தோள், இடுப்புப் பட்டைகளின் ஒவ்வொரு கட்டுமிடமும் 1,470 டெக்காநியூட்டன், அதாவது ஏறக்குறைய 1,500 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தாங்க வேண்டும் என்கிறது எஃப்ஐஏ. தொடையிடைப் பட்டைக்கு இது 720 டெக்காநியூட்டன். இரண்டு பட்டைகள் ஒரே போல்ட்டில் சேர்ந்தால் இரண்டின் பாரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். காரின் தரைத் தகடோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். அதில் துளை போட்டு வாஷர் வைத்து நட்டு முடுக்கினால், மோதலில் வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

எனவே தகட்டுக்கு மறுபுறம், காருக்கு அடியில், குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுத் தகடு வைக்க வேண்டும். 65 மி.மீ. சதுரத் தகடு வெட்டினால் 42 சதுர செ.மீ. வரும். நான்கு மூலைகளையும் உருட்டிவிட வேண்டும், கூர் மூலை தரைத் தகட்டில் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். துளை போடும் முன் காருக்கு அடியில் படுத்து, அந்த இடத்தில் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஒயர், சைலன்சர் எதுவும் இல்லையென்று பார்க்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். பிரேக் குழாயைத் துளைத்த பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். துளையின் வெட்டு விளிம்புக்குத் துருவைத் தடுக்கும் பிரைமர் பூசி, பிறகு சீலன்ட் தடவ வேண்டும்.

போல்ட் குறைந்தது எம்12 (12 மி.மீ. விட்டம்), 8.8 தரம், அல்லது 7/16 யுஎன்எஃப் (அங்குல அளவுத் திருகு). தலையில் 8.8 என்று பொறிக்காத போல்ட் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். பல கார்களில் தொழிற்சாலை பெல்ட் துளை 7/16 அங்குலத் திருகு கொண்டது. எம்12 போல்ட் அதில் ஏறாது. அடித்து ஏற்றினால் திருகு போகும். இதற்கு நேர்மாறாக, எம்12 நட்டில் 7/16 போல்ட் தளர்வாக ஏறி இறுகியதுபோல் தோற்றம் காட்டும். உண்மையில் அது ஓரிரு திருகுப் பற்களில் மட்டுமே தொங்கிக்கொண்டிருக்கும். கையால் திருகி முழுதும் தடையின்றி, ஆனால் ஆட்டமின்றி உள்ளே போகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். வளையத் தலை போல்ட் பயன்படுத்தினால் அதன் தோள்பகுதி தகட்டில் முழுதும் படிய வேண்டும். இழுப்பு வளையத்தின் தளத்திலேயே வர வேண்டும், குறுக்கே அன்று. பிறகு உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை அது தளர்ந்திருக்கிறதா என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

இறுக்கிக்கொள்ளும் வரிசை

இருக்கையின் முதுகோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, முதலில் இடுப்புப் பட்டையை, வலிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். அதன் பிறகே தோள் பட்டைகள், பிறகு தொடையிடைப் பட்டைகள். தோளை முதலில் இறுக்குபவர் இடுப்புப் பட்டையைத் தானே வயிற்றுக்கு ஏற்றிக்கொள்கிறார். இறுக்கி முடித்ததும் பக்கிள் தொப்புளுக்கு நன்கு கீழே, அடிவயிற்றில் இருக்க வேண்டும். ஒரு சுற்று ஓட்டியதும் உடல் இருக்கையில் இன்னும் அமிழும், பட்டைகள் சற்றுத் தளர்ந்தது தெரியும். அப்போது தடத்தின் நேர்ப் பகுதியில் மீண்டும் ஒருமுறை இழுத்துக்கொள்வது வழக்கம்.

ஹார்னஸ் உடலைப் பிடித்து நிறுத்துகிறது, தலையைப் பிடிப்பதில்லை. ஹெல்மெட்டின் எடையோடு தலை முன்னே பாய, கழுத்து மட்டுமே அதை இழுத்துப் பிடிக்கிறது. எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததால். அமெரிக்காவில் ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டௌனிங்கும் 1980களிலேயே உருவாக்கியிருந்த ஹான்ஸ் கருவியை அன்று அவர் அணிந்திருக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் தலை, கழுத்துக் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. 2003இல் ஃபார்முலா ஒன் ஹான்ஸைக் கட்டாயமாக்கியது. எஃப்ஐஏ 8858 தரநிலை பெற்ற கருவியும், அதற்கான கொக்கிகள் பொருத்தப்பட்ட ஹெல்மெட்டும் ஹார்னஸ் வாங்கும் பட்ஜெட்டிலேயே சேர வேண்டும். பணம் போதாது என்றால் ஹார்னஸைத் தள்ளிப்போட்டு, அதுவரை தொழிற்சாலை பெல்ட்டோடு நிதானமாக ஓட்டுங்கள் என்பேன்.

பராமரிப்பு

வெயில் பட்டையின் எதிரி. நம்மூர் வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் நாள்தோறும் காயும் பட்டை, லேபிளில் ஆண்டு மிச்சமிருந்தாலும் நிறம் வெளுத்து விறைத்துவிடும். கார் நிற்கும் நாட்களில் துணி போட்டு மூட வேண்டும். அழுக்கானால் வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். பிளீச்சிங் பவுடர், தின்னர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது, பேட்டரி அமிலம் ஒரு துளி பட்டாலும் பட்டையை மாற்ற வேண்டும். இழை பிரிந்தாலோ, உலோகப் பகுதி வளைந்தாலோ துருப்பிடித்தாலோ, பக்கிள் ஒருமுறையேனும் திறக்கத் தயங்கினாலோ மாற்ற வேண்டும். பெரிய மோதலுக்குப் பிறகு பட்டை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் இழைகள் ஏற்கெனவே நீண்டுவிட்டவை. அதைக் கழற்றி, வேறு யாருக்கும் விற்காமல், வெட்டிப் போட்டுவிட வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று, முழு உடையோடும் ஹெல்மெட்டோடும் உட்கார்ந்து இறுக்கிக்கொண்டு, இன்ஜினையும் மின்சாரத்தையும் துண்டிக்கும் கில் சுவிட்சும் தீயணைப்பான் கைப்பிடியும் கியரும் கைக்கு எட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எட்டாததை அன்றே நகர்த்த வேண்டும். ரேலியில் ஓட்டுபவர்கள் பட்டை வெட்டும் கத்திகள் இரண்டை, ஓட்டுநருக்கும் துணை ஓட்டுநருக்கும் கட்டிய நிலையிலேயே எட்டும்படி வைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு நண்பரைக் கைக்கடிகாரத்தோடு வெளியே நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு பக்கிளைத் திருப்பி, ஸ்டீயரிங்கைக் கழற்றி, காரை விட்டு வெளியேறிப் பாருங்கள். முதல் தடவை தோள் பட்டை ஹான்ஸில் மாட்டும். மாட்டாமல் வெளியே வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.